லினக்ஸில் மவுஸ் அசையவில்லையா? எந்த இடத்தில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

"மவுஸ் வேலை செய்யல" என்று ஒருவர் சொன்னால் அதற்குள் குறைந்தது நாலு விதமான கோளாறு இருக்கலாம். அம்புக்குறி துளிகூட நகராமல் நிற்பது ஒன்று. அம்புக்குறி நன்றாக ஓடும், ஆனால் எதைக் கிளிக் செய்தாலும் ஏற்காது, இது இன்னொன்று. ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்துவிட்டு, கொஞ்ச நேரம் கையை எடுத்தால் தூங்கிப்போவது மூன்றாவது. திக்கித் திணறி, தாவித் தாவிப் போவது நாலாவது. நாலுக்கும் காரணம் வேறு வேறு. ஆனால் கடையிலும் வீட்டிலும் நடப்பது நாலுக்கும் ஒரே வைத்தியம்தான்: ரீஸ்டார்ட். அதிலும் சரியாகவில்லை என்றால் "லினக்ஸ் போட்டாலே இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றிவிடுவது.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் லினக்ஸ் ஒன்றும் புதிது இல்லை. 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம், டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாக வைத்துச் செய்தது அது. (அதைத் திறந்தே பார்க்காதவர்கள்தான் அதிகம், அது வேறு கதை.) இப்போது வேறு காரணத்துக்காக வருகிறார்கள். 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்துவிட்டது, பழைய மெஷினில் 11 ஏறாது, சரி மின்ட் லினக்ஸ் போடு, உபுண்டு லினக்ஸ் போடு என்று ஜெராக்ஸ் கடைக்காரர்களும் டிடிபி செய்கிறவர்களும் மாறிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி மாறியவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. டெர்மினலை, அதாவது கட்டளைகளை அடிக்கும் சன்னலைப் பார்த்தாலே ஒதுங்கிப் போகிறவர் என்றாலும் பரவாயில்லை, பாதி சோதனைகளுக்கு அது தேவையே இல்லை.

ஒரு விஷயம் மட்டும் மனதில் இருந்தால் போதும். மவுஸை நீங்கள் நகர்த்துவதற்கும் திரையில் அம்புக்குறி நகர்வதற்கும் நடுவில் நாலைந்து படிகள் இருக்கின்றன. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் உங்கள் தெருக் குழாயில் வரவில்லை என்றால் ஆறே வற்றிவிட்டது என்றா நினைப்போம்? ஆற்றில் தண்ணீர் இருக்கிறதா, மோட்டார் ஓடுகிறதா, மேல்நிலைத் தொட்டி நிறைந்ததா, தெரு வால்வைத் திறந்தார்களா என்று வரிசையாக விசாரிப்போம். தொட்டியில் தண்ணீர் இருந்தால் கோளாறு அதற்குக் கீழே என்று உடனே தெரிந்துவிடும். மவுஸுக்கும் அதே விசாரணைதான்.

படிகள் இவை. மவுஸின் அடியில் இருக்கும் சென்சார் அசைவைப் பிடிக்கிறது. அது ஒயர் வழியாகவோ ரேடியோ வழியாகவோ யுஎஸ்பி போர்ட்டுக்கு வருகிறது. அங்கிருந்து லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அதை எடுத்து, "இது மவுஸ்" என்று அடையாளம் கண்டு, அசைவுகளை ஒரு கோப்பில் எழுதுவது போல வரிசையாக வெளியே விடுகிறது. அதை லிப்இன்புட் என்ற நிரல் வாங்கி, வேகத்தைச் சரிசெய்து, இது கிளிக்கா ஸ்க்ரோலா என்று பிரிக்கிறது. கடைசியாகத் திரையை வரைகிற பகுதி, அதாவது எக்ஸ் அல்லது வேலண்ட், அம்புக்குறியை நகர்த்துகிறது. விண்டோஸில் போல மவுஸுக்கென்று தனி டிரைவர் தேடி ஏற்ற வேண்டியதில்லை. சாதாரண யுஎஸ்பி மவுஸ்கள் எல்லாமே ஒரே பொது விதிமுறையில் பேசுகின்றன, அதற்கான டிரைவர் கெர்னலோடு சேர்ந்தே வருகிறது. அதனால் "லினக்ஸுக்கு டிரைவர் எங்கே கிடைக்கும்" என்று தேடி, கிடைத்ததையெல்லாம் இறக்காதீர்கள்.

மவுஸா, மெஷினே நின்றுவிட்டதா?

மவுஸைத் தொடும் முன்னால் கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அழுத்துங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் மெஷின் உயிரோடுதான் இருக்கிறது, சந்தேகம் மவுஸ் பக்கம். விளக்கு அசையவே இல்லை என்றால் நின்றது மவுஸ் மட்டும் இல்லை, மெஷினோ திரை வரைகிற பகுதியோ. 2 ஜிபி, 4 ஜிபி ராம் உள்ள பழைய பெட்டிகளில் பிரவுசரில் பத்து டேப் திறந்துவைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு பெரிய பிடிஎப்பையும் திறந்தால் இது சகஜம். ராம் நிரம்பி, ஹார்டு டிஸ்க்கிலிருந்து எடுத்து வைத்து எடுத்து வைத்து மூச்சு வாங்கும், அந்த நேரத்தில் அம்புக்குறி செத்தது போலத்தான் கிடக்கும். சிபியுவில் டிஸ்க் விளக்கு விடாமல் மின்னினால் இதுதான் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

பொறுத்தும் வரவில்லையா, கன்ட்ரோல், ஆல்ட், எப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கருப்புத் திரையில் லாகின் கேட்டு நின்றால் உள்ளே எல்லாம் ஓடுகிறது, திரை வரைகிற பகுதி மட்டும்தான் சிக்கியிருக்கிறது. திரும்பி வர, உபுண்டுவில் அதே இரண்டோடு எப்2 அல்லது எப்1, மின்ட்டில் எப்7. சும்மா போய்விட்டுத் திரும்பியதிலேயே மவுஸ் பிழைத்துக்கொண்ட சந்தர்ப்பங்கள் உண்டு.

அதற்கும் மசியவில்லை என்றால் பவர் பட்டனை அமுக்கிப் பிடிப்பதற்கு முன்னால் ஒரு வழி இருக்கிறது. ஆல்ட்டையும் பிரிண்ட் ஸ்கிரீன் பட்டனையும் பிடித்தபடியே எஸ், யு, பி (பூட் என்பதில் வரும் பி) மூன்றையும் இரண்டு மூன்று விநாடி இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக அழுத்துங்கள். எஸ், டிஸ்க்கில் எழுதக் காத்திருப்பதை எழுதிவிடும். யு, டிஸ்க்கைப் படிக்க மட்டும் என்ற நிலைக்குக் கொண்டுபோகும். பி, மறுபடி பூட் செய்யும். உபுண்டுவில் பாதுகாப்புக்காக இந்தக் குடும்பத்துப் பட்டன்களில் சிலவற்றை முடக்கி வைத்திருக்கிறார்கள், ஆனால் இந்த மூன்றும் வேலை செய்யும். லேப்டாப் சிலவற்றில் எப்என் பட்டனையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருக்கும்.

கருப்பு கிரானைட்டும் சிவப்பு விளக்கும்

இந்த ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு கோளாறு இருக்கிறது. பர்கூர், கிருஷ்ணகிரி என்றாலே கிரானைட், அதனால் கடைக் கவுண்டர், வீட்டு மேடை என்று எங்கு பார்த்தாலும் பளபளவென்று பாலீஷ் போட்ட கருங்கல். அதன்மேல் மவுஸை வைத்து ஓட்டினால் திணறும், சில இடத்தில் அப்படியே நிற்கும். காரணம் சென்சார் வேலை செய்கிற விதம். அடியில் இருப்பது ஒரு பொடி கேமரா. விளக்கு பக்கவாட்டில் சாய்வாக அடித்து, மேற்பரப்பின் சொரசொரப்பைத் தெரியும்படி செய்கிறது. கேமரா நொடிக்கு ஆயிரத்துக்கும் மேலான படங்களை எடுத்து, முந்தைய படத்தோடு ஒப்பிட்டு, எவ்வளவு நகர்ந்தது என்று கணக்குப் போடுகிறது. பாலீஷ் கல்லில் சொரசொரப்பே இல்லை, ஒளி கண்ணாடியில் பட்டது போல வேறு பக்கம் தெறித்துப் போய்விடுகிறது, எல்லாப் படமும் ஒரே மாதிரி கருப்பாக இருக்கிறது, எனவே மவுஸ் "நான் நகரவே இல்லை" என்று முடிவு கட்டிவிடுகிறது. டேபிள் மேல் போட்டிருக்கும் கண்ணாடிக்கும் இதே கதிதான். ஒரு ஏ4 தாளை மவுஸுக்கு அடியில் வைத்துப் பாருங்கள். தாளில் ஓடினால் லினக்ஸை விட்டுவிடுங்கள், மவுஸ் பேடு ஒன்று வாங்குங்கள், முடிந்தது.

தாளிலும் ஓடவில்லை என்றால் மவுஸைக் கவிழ்த்துச் சென்சார் ஓட்டையைப் பாருங்கள். தூசியும் தலைமுடியும் அடைத்திருந்தால் காது துடைக்கும் பஞ்சுக் குச்சியால் எடுத்துவிடலாம்.

இங்கே இன்னொரு விஷயம். "சிவப்பு லைட் எரியுதே, அப்போ மவுஸ் நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். இல்லை. பொதுவாக மவுஸ் ஒயருக்குள் நாலு கம்பி: இரண்டு கரண்டுக்கு, இரண்டு தகவலுக்கு. விளக்கு எரிவது கரண்டுக் கம்பி இரண்டும் நன்றாக இருக்கின்றன என்பதற்கு மட்டும்தான் சாட்சி. ஒயர் மவுஸுக்குள் நுழைகிற கழுத்துப் பகுதியில்தான் மடங்கி மடங்கி உள்ளே கம்பி அறும், வெளியே ஒன்றும் தெரியாது. அந்த இடத்தைக் கையால் மெதுவாக அசைத்துக்கொண்டே மவுஸை நகர்த்துங்கள், விட்டு விட்டு வேலை செய்தால் ஒயர் போய்விட்டது.

போர்ட்டை மாற்றிப் பார்ப்பதும் இதே நேரத்தில். சிபியுவின் முன்பக்கப் போர்ட் உள்ளே தனி ஒயர் வழியாக மதர்போர்டுக்குப் போகிறது, பின்பக்கப் போர்ட் மதர்போர்டிலேயே இருக்கிறது. ஆகவே சோதனைக்கு எப்போதும் பின்பக்கம், நேரடியாக, நடுவில் ஹப் எதுவும் இல்லாமல். மிகப் பழைய பெட்டிகளில் பச்சை நிற வட்டப் போர்ட்டில் செருகும் மவுஸ் இருக்கும். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கிச் செருகுவதற்கு ஆனது அல்ல, மெஷினை அணைத்துவிட்டுத்தான் செருக வேண்டும். ஓடும்போது கழன்று, மறுபடி செருகி, "லினக்ஸ் கண்டுபிடிக்கல" என்று சொன்னால் அது லினக்ஸ் செய்த குற்றம் இல்லை.

வயர்லெஸ் மவுஸ் வைத்திருப்பவர்களுக்கு மூன்று வார்த்தை. பேட்டரியை மாற்றிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும், அடியில் ஒரு சின்ன ஆன்-ஆஃப் சுவிட்ச் இருக்கும், அதையும் பாருங்கள். இரண்டாவது, ரிசீவரும் மவுஸும் ஜோடி. ஒரே கடையில் பார்க்க ஒரே மாதிரி இரண்டு மவுஸ் இருந்து, கூட்டிப் பெருக்கும்போது ரிசீவர் இடம் மாறிவிட்டால் இரண்டும் சேர்ந்து நிற்கும், அல்லது இங்கே ஆட்டினால் அடுத்த டேபிளில் அம்புக்குறி ஓடும். மூன்றாவது கொஞ்சம் சுவாரசியமானது: நீல நிற யுஎஸ்பி 3 போர்ட்டில் பென் டிரைவோ எக்ஸ்டர்னல் டிஸ்க்கோ வேலை செய்யும்போது அதிலிருந்து எழும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் விழுகிறது. மவுஸின் ரிசீவரும் அதே அலைவரிசையில்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது. இன்டெல் நிறுவனமே 2012-இல் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டிருக்கிறது. கோப்பு காப்பி ஆகும்போது மட்டும் மவுஸ் திக்கினால் இதுதான். ரிசீவரைப் பெட்டியின் மறுபக்கப் போர்ட்டுக்கு மாற்றுங்கள், அல்லது ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டு மேஜைமேல் கொண்டுவந்துவிடுங்கள்.

இவ்வளவுக்கும் டெர்மினல் தேவைப்படவில்லை, கவனித்தீர்களா? என் அனுபவத்தில் பெரும்பாலான மவுஸ் புகார் இங்கேயே முடிந்துவிடுகிறது. முடியாததற்குத்தான் அடுத்தது.

மவுஸ் இல்லாமல் சமாளிப்பது

கன்ட்ரோல், ஆல்ட், டி (டெர்மினல் என்பதில் வரும் டி) சேர்த்து அழுத்தினால் உபுண்டு, மின்ட் இரண்டிலும் டெர்மினல் திறக்கும். விண்டோஸ் சின்னம் போட்ட பட்டனைத் தட்டி ஆங்கிலத்தில் மவுஸ் என்று அடித்தால் மவுஸ் செட்டிங்ஸ் வரும், டேப் பட்டனால் நகர்ந்து ஸ்பேஸ் பட்டனால் தேர்வு செய்யலாம். அங்கே அணுகல்தன்மை (ஆக்சசிபிலிட்டி) பக்கத்தில் மவுஸ் கீஸ் என்று ஒன்று இருக்கிறது. அதை இயக்கிவிட்டால் வலதுபுற எண்பலகையே மவுஸாகிவிடும்: 8 மேலே, 2 கீழே, 4 இடது, 6 வலது, 5 கிளிக். மெதுவாகத்தான் ஊரும், ஆனால் பாதியில் நிற்கும் பில்லை முடித்து வாடிக்கையாளரை அனுப்ப இது போதும்.

லேப்டாப்பில் டச்பேட் மட்டும் வேலை செய்யவில்லை என்றால், எப் வரிசையில் டச்பேட் படம் போட்ட பட்டன் தெரியாமல் அழுந்தியிருக்கிறதா பாருங்கள். "வெளி மவுஸ் செருகினால் டச்பேடை அணை" என்ற தேர்வும் செட்டிங்ஸில் உண்டு. அது இயங்கிக்கொண்டிருந்து, மவுஸ் ரிசீவர் போர்ட்டிலேயே மறந்து கிடந்தால் மெஷின் டச்பேடை அணைத்தே வைத்திருக்கும்.

கெர்னலிடம் கேட்பது

கட்டளைகளைப் போனில் சொல்வது போலவே சொல்லிவிடுகிறேன். எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து. முதலாவது எல், எஸ், யு, எஸ், பி, ஐந்தும் சேர்த்து, இடைவெளி இல்லாமல், பிறகு என்டர். யுஎஸ்பியில் என்னென்ன செருகியிருக்கிறது என்று ஒரு பட்டியல் வரும். மவுஸைப் பிடுங்கிவிட்டு ஒருமுறை, செருகிவிட்டு ஒருமுறை ஓட்டுங்கள். இரண்டாவது பட்டியலில் ஒரு வரி கூடியிருந்தால் அதுதான் உங்கள் மவுஸ். வரியின் நடுவில் இரட்டைப் புள்ளியின் இருபுறமும் நான்கு நான்கு எழுத்தாக ஒரு அடையாளம் இருக்கும். முன்பாதி நிறுவனம், பின்பாதி மாடல். 046டி என்று தொடங்கினால் லாஜிடெக். மலிவு மவுஸ்களில் டப்பாவில் ஒரு பெயரும் இங்கே பிக்ஸ்ஆர்ட் என்று வேறு பெயரும் வரும், போலி என்று பதற வேண்டாம், சென்சார் சிப் செய்யும் தைவான் நிறுவனம் அது, அவர்கள் பெயரே அப்படியே வந்துவிடுகிறது.

வயர்லெஸ் என்றால் ஒரு எச்சரிக்கை: பட்டியலில் தெரிவது ரிசீவர்தான். மவுஸ் வீட்டில் இருந்து ரிசீவர் கடையில் இருந்தாலும் வரி வரத்தான் செய்யும்.

வரி கூடவே இல்லை என்றால் அடுத்தது: சூடோ (எஸ், யு, டி, ஓ சேர்த்து), ஒரு இடைவெளி, டி, எம், இ, எஸ், ஜி, ஒரு இடைவெளி, ஹைஃபன், டபிள்யூ. இரண்டு டியும் டெல்லி என்பதில் வரும் டி. பாஸ்வேர்டு கேட்கும், அடிக்கும்போது திரையில் ஒன்றுமே தெரியாது, அது அப்படித்தான், அடித்து என்டர் தட்டுங்கள். கெர்னல் தன் நாட்குறிப்பை உங்கள் கண்முன்னே எழுதத் தொடங்கும். இப்போது மவுஸைப் பிடுங்குங்கள். "யுஎஸ்பி டிஸ்கனெக்ட்" என்று ஒரு வரி விழ வேண்டும். செருகுங்கள். "நியூ லோ-ஸ்பீட் யுஎஸ்பி டிவைஸ்" அல்லது "ஃபுல்-ஸ்பீட்" என்று ஒரு வரி, அதற்குக் கீழே நிறுவனப் பெயர், மாடல், கடைசியில் மவுஸ் என்ற சொல்லோடு ஒரு வரி. லோ-ஸ்பீட் என்று வந்ததே என்று கவலைப்படாதீர்கள், அது யுஎஸ்பியின் நொடிக்கு 1.5 மெகாபிட் வேகம், மவுஸுக்கு அது தாராளம்.

இங்கே நான் பார்ப்பது எண்களை. "டிஸ்கிரிப்டர் ரீட்" என்ற சொற்களோடு எரர் -71 என்று வந்தால், செருகியது ஏதோ பேசுகிறது, ஆனால் பேச்சு உடைந்து உடைந்து வருகிறது என்று பொருள். -110 என்றால் கெர்னல் கேட்டுவிட்டுக் காத்திருந்தது, பதிலே வரவில்லை. இவை வந்து, முடிவில் "அனேபிள் டு எனுமரேட்" என்று கைவிரித்துவிட்டால் ஒயர், போர்ட், அல்லது மவுஸின் சர்க்யூட், இந்த மூன்றில் ஒன்று போய்விட்டது. எந்த மென்பொருளை மாற்றினாலும் சரியாகாது. செருகியும் ஒரு வரிகூட விழவில்லை என்றால் இன்னும் மோசம், கெர்னலுக்கு ஆள் வந்ததே தெரியவில்லை. வேறு போர்ட், வேறு மெஷின் என்று பார்த்துவிட்டுப் புது மவுஸ்தான். நாட்குறிப்பிலிருந்து வெளியே வர கன்ட்ரோல், சி.

எல்லா வரியும் ஒழுங்காக வந்திருக்கிறது, ஆனாலும் அம்புக்குறி அசையவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போதுதான் எனக்குப் பிடித்த சோதனை. சூடோ, இடைவெளி, சி, ஏ, டி (டிவி என்பதில் வரும் டி), இடைவெளி, பிறகு ஒரு பாதை: ஸ்லாஷ் டெவ் ஸ்லாஷ் இன்புட் ஸ்லாஷ் மைஸ். டெவ் என்பது டி (டெல்லி என்பதில் வரும் டி), இ, வி மூன்றே எழுத்து. மைஸ் என்பது எலிகள், எம், ஐ, சி, இ. என்டர் தட்டிவிட்டு மவுஸை நகர்த்துங்கள். திரையில் புரியாத குப்பை எழுத்துகள் கொட்டினால் சந்தோஷப்படுங்கள்! நீங்கள் அசைக்கும் ஒவ்வொரு அசைவும் கெர்னல் வரை வந்து சேர்ந்துவிட்டது, அதாவது மவுஸ், ஒயர், போர்ட், டிரைவர் நாலும் குற்றமற்றவை, சிக்கல் அதற்கு மேலே. ஒன்றுமே கொட்டவில்லை என்றால் சிக்கல் கீழே. கன்ட்ரோல், சி அழுத்தி வெளியே வாருங்கள். டெர்மினல் எழுத்துகள் கோணல்மாணலாகிவிட்டால் ரீசெட் என்று அடித்தால் தெளிந்துவிடும். லேப்டாப்பில் செய்கிறவர்கள் டச்பேடில் கை படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதன் அசைவும் இதே பாதையில்தான் வரும்.

குப்பையாக வேண்டாம், படிக்கும்படி வேண்டும் என்பவர்கள் லிப்இன்புட்-டூல்ஸ் என்ற பொதியை (பேக்கேஜை) ஏற்றிக்கொண்டு, சூடோவோடு லிப்இன்புட் டீபக்-ஈவென்ட்ஸ் என்று ஓட்டலாம். நகர்த்தினால் மோஷன், அழுத்தினால் பட்டன் என்று ஒவ்வொன்றும் தனி வரியாக வரும்.

கெர்னலுக்கு மேலே

அம்புக்குறி ஓடுகிறது, கிளிக் மட்டும் எங்கும் விழவில்லை என்றால் ஏதோ ஒரு மெனுவோ, கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் நிற்கும் ஒரு கேள்விப் பெட்டியோ மவுஸைத் தன்னிடமே பிடித்து வைத்திருக்க வாய்ப்பு அதிகம். எஸ்கேப்பை இரண்டு முறை தட்டுங்கள், ஆல்ட்-டேப் போட்டு ஒவ்வொரு சன்னலாகப் பாருங்கள். லாக்-அவுட் செய்து திரும்பி வந்தால் சரியாகிவிடுகிறது என்றால் ஹார்டுவேரைச் சந்தேகப்பட வேண்டியதே இல்லை. இன்னும் உறுதிப்படுத்த, புதிதாக ஒரு பயனர் கணக்கு உருவாக்கி அதில் நுழைந்து பாருங்கள். அங்கே நன்றாக ஓடினால் கோளாறு உங்கள் கணக்கின் அமைப்புக் கோப்புகளில் இருக்கிறது, மெஷினில் இல்லை.

அப்டேட் போட்ட மறுநாள் லாகின் திரையிலேயே மவுஸும் இல்லை, கீபோர்டும் இல்லை என்று ஒரு கோளாறு உண்டு. எக்ஸ் ஓடும் மெஷின்களில் இன்புட் டிரைவர் பொதி ஏதோ ஒரு குழப்பத்தில் நீக்கப்பட்டிருந்தால் இப்படி ஆகும். கன்ட்ரோல்-ஆல்ட்-எப்3 கூட வேலை செய்யாது, ஏனென்றால் அந்தப் பட்டன்களையும் எக்ஸ்தான் படிக்க வேண்டும். ஆனால் பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் கீபோர்டு வேலை செய்யும், அது லினக்ஸ் எழும் முன்னாலேயே வருவது. அதில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய், ரெகவரி மோடில் நுழைந்து, நெட்வொர்க்கை இயக்கிவிட்டு, எக்ஸ்சர்வர்-எக்ஸ்ஆர்க்-இன்புட்-ஆல் என்ற பொதியை மறுபடி ஏற்ற வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஹைஃபன், இடைவெளி கிடையாது. மெனு தெரியாமல் நேராக உள்ளே போய்விடுகிறது என்றால் பவர் போட்டதும் எஸ்கேப்பையோ ஷிப்டையோ தட்டுங்கள்.

அதே அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் பழைய கெர்னலும் வரிசையில் இருக்கும். அப்டேட்டுக்குப் பிறகுதான் தகராறு என்றால் பழையதைத் தேர்வு செய்து பூட் செய்யுங்கள். அதில் மவுஸ் ஓடினால் புதுக் கெர்னலில் ஏதோ பிசகு, அடுத்த அப்டேட் வரும்வரை பழையதிலேயே இருந்துகொள்ளலாம், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

தூங்கிப்போகும் மவுஸ்

சில விநாடி கையை எடுத்தால் நின்று, ஒரு கிளிக் செய்தால் எழுந்து, மறுபடி நிற்கும் மவுஸ் பெரும்பாலும் மின்சார சேமிப்பின் வேலை. கெர்னல் தானாக யுஎஸ்பி மவுஸைத் தூங்க வைப்பதில்லை, யாரோ சொல்லியிருக்கிறார்கள். லேப்டாப் பேட்டரி நீடிக்கும் என்று எங்கோ படித்து பவர்டாப் என்ற நிரலை ஏற்றி, ஆட்டோ-டியூன் கொடுத்திருப்பீர்கள், அதுதான் "யாரோ". பவர்டாப்பைச் சூடோவோடு திறந்து, டேப் பட்டனால் டியூனபிள்ஸ் பக்கத்துக்குப் போங்கள். உங்கள் மவுஸ் பெயர் போட்ட ஆட்டோசஸ்பெண்ட் வரியில் "குட்" என்று இருக்கும். அதில் என்டர் தட்டினால் "பேட்" ஆகும். பவர்டாப் பார்வையில் பேட் என்றால் மின்சாரம் மிச்சமாகவில்லை என்று பொருள், நமக்கு அதுதான் வேண்டும். இது ரீஸ்டார்ட் வரைக்கும்தான் நிற்கும். ஒவ்வொரு பூட்டிலும் ஆட்டோ-டியூன் ஓடும்படி வைத்திருந்தால் அதை நிறுத்தினால்தான் நிரந்தரம்.

லேப்டாப்பை மூடித் திறந்தபின் டச்பேட் எழவில்லை என்றால், பழைய மாடல்களில் அதன் டிரைவர் பெயர் பிஎஸ்மவுஸ். சூடோ மோட்ப்ரோப் ஹைஃபன் ஆர் பிஎஸ்மவுஸ் என்று இறக்கிவிட்டு, ஹைஃபன் ஆர் இல்லாமல் அதையே மறுபடி கொடுத்து ஏற்றினால் பெரும்பாலும் எழுந்துவிடும். இதைப் பார்த்துவிட்டு யுஎஸ்பி மவுஸுக்கும் அதேபோல யுஎஸ்பிஹிட் என்ற டிரைவரை இறக்கலாமே என்று தோன்றும். தோன்றினால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். யுஎஸ்பி கீபோர்டும் அதே டிரைவரில்தான் ஓடுகிறது. இறக்கியதும் கீபோர்டும் போய்விடும், மறுபடி ஏற்றும் கட்டளையை எதில் அடிப்பீர்கள்?

எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் தெளிவில்லை என்றால் மின்ட்டோ உபுண்டுவோ எழுதிய பென் டிரைவிலிருந்து லைவாக பூட் செய்யுங்கள், எதையும் நிறுவ வேண்டாம். அதிலும் மவுஸ் ஓடவில்லை என்றால் ஹார்டுவேர். ஓடினால் டிஸ்க்கில் இருக்கும் லினக்ஸின் அமைப்பில் கோளாறு. யாரிடமாவது உதவி கேட்கப் போகிறீர்கள் என்றால் "மவுஸ் ஒர்க் ஆகல அண்ணா" என்று மட்டும் அனுப்பாமல், எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு, எல்எஸ்யுஎஸ்பி வரி, மவுஸைச் செருகியபோது நாட்குறிப்பில் விழுந்த கடைசிப் பத்து வரி, இவற்றை எழுத்தாகவே காப்பி செய்து அனுப்புங்கள். சாய்ந்த கோணத்தில் எடுத்த திரைப் படத்தில் -71 எது, -110 எது என்று படிப்பதற்குள் கண் போய்விடும்.

ஒன்று விட்டுப்போனது. ஒருமுறை அழுத்தினால் இரண்டு கிளிக் விழுவது, இழுத்துக்கொண்டு போகும்போது கோப்பு நடுவழியில் நழுவி விழுவது, இவை இடது பட்டனுக்கு அடியில் இருக்கும் சின்ன சுவிட்ச் தேய்ந்ததன் அடையாளம். தினம் முழுக்கக் கிளிக் செய்கிற இ-சேவை, டிடிபி கடைகளில் இது சீக்கிரமே வரும். புது மவுஸ் வாங்கும்வரை, செட்டிங்ஸில் முதன்மைப் பட்டனை வலது என்று மாற்றிவிட்டால் அதிகம் தேயாத வலது பட்டன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். கை பழக அரை நாள் ஆகும், அதற்குள் கடைக்கு வேறு யாராவது வந்து உங்கள் மெஷினைத் தொட்டால் அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் "உங்க மவுஸ் ஒர்க் ஆகலயே" என்பார்கள்.